மெக்கிரெகர் என்ற பெயருக்குக் ‘குடும்பச் சின்னம்’ உண்டா?

எடின்பரோவில் பணிபுரியும் நீங்கள், ஓய்வு பெறப்போகும் உங்கள் மேலாளருக்கு அவருடைய ‘குடும்பச் சின்னம்’ பொறித்த மரப்பலகை ஒன்றைப் பரிசளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் மெக்கிரெகர் என்னும் பெயருடையவர். கடையில் பெயரைச் சொன்னதும் கணினியில் தேடி, மரமும் வாளும் மகுடமும் வரைந்த கேடயப் படம் ஒன்றைக் காட்டி, இதுதான் மெக்கிரெகர் குடும்பத்தின் சின்னம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெயருக்கே சொந்தமாகச் சின்னம் இருக்க முடியுமா, அந்தப் பெயருள்ள எல்லோரும் ஒரே இரத்தமா, தவறான ஒன்றைக் கொடுத்து அவர் மனத்தை நோகடித்துவிடுவோமோ என்பவை உங்கள் ஐயங்கள். மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்காட்லாந்தின் பழைய திருச்சபைப் பதிவேடுகளைப் படித்துப் பிறருக்குக் குடும்ப வரலாறு தேடித் தருவது என் தொழில். சின்னங்கள் பற்றிய சட்டம் நான் முறையாகப் பயின்ற துறை அன்று. ஆனாலும் அன்றாடம் குறுக்கே வருவதால் அதன் அடிப்படை எனக்குப் பழகியிருக்கிறது.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். கடையில் காட்டிய கேடயம் கற்பனை அன்று. அது மெக்கிரெகர் குலத் தலைவரின் சின்னம். வெள்ளித் தளத்தில் வேரோடு பறித்த ஓக் மரம் ஒன்று சாய்ந்து நிற்க, அதற்குக் குறுக்கே நீலநிற வாள் ஒன்று செல்ல, மேல் மூலையில் பழங்காலச் சிவப்பு மகுடம் இருக்கும். உண்மையான சின்னம்தான். ஆனால் அது ஒரு தனி மனிதருக்கு உரியது. அவருக்குப் பின் அவருடைய வாரிசுக்கு உரியது. உங்கள் மேலாளர் அந்தத் தலைவராக இல்லாதவரையில் அது அவருடையது ஆகாது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் குடும்பச் சின்னம் என்றோ குடும்பப்பெயருக்கான சின்னம் என்றோ ஒன்று கிடையாது. சின்னம் ஆளுக்கு ஆள் தனி. தந்தை உயிரோடு இருக்கும்போது மகன்கூட அதை மாற்றமின்றி அப்படியே பயன்படுத்தக் கூடாது.

மற்ற நாடுகளில் இதை மரபு என்று சொல்லி விட்டுவிடலாம். ஸ்காட்லாந்தில் இது நடைமுறையில் உள்ள சட்டம். இதற்கென்றே லார்ட் லயன் என்னும் பதவியும், அவர் தலைமையில் ஒரு நீதிமன்றமும் எடின்பரோவில் இன்றும் இயங்குகின்றன. அந்த நீதிமன்றத்துக்கெனத் தனி அரசு வழக்குரைஞரும் உண்டு. 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஸ்காட்லாந்தில் சின்னம் வைத்திருப்போர் அனைவரும் அதைப் பொதுப் பதிவேடு ஒன்றில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆயிற்று. அந்தப் பதிவேடு இன்றுவரை தொடர்கிறது. பதியாத சின்னத்தையோ பிறர் சின்னத்தையோ தன்னுடையது என்று காட்டுபவருக்கு அபராதம் விதிக்கவும், அது பொறித்த பொருளை அகற்றச் செய்யவும் அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. விளையாட்டு நாள்களில் கூட்டம் அசைக்கும் மஞ்சள் தளத்துச் சிவப்புச் சிங்கக் கொடியும் கண்டிப்பாகச் சொன்னால் அரசருக்கு மட்டுமே உரியது. சுவரில் மாட்டும் நினைவுப் பலகைக்காக உங்கள் மேலாளர் மீது எவரும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. ஆயினும் அவர் அதைத் தன் கடிதத்தாளிலோ மோதிரத்திலோ தன் சின்னமாகப் போட்டுக்கொண்டால், அது பிறர் சொத்தை எடுத்தாள்வதற்கு ஒப்பாகும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். சின்னம் தோன்றியதே ஆளை அடையாளம் காட்டத்தான். 12ஆம் நூற்றாண்டில் இரும்புக் கவசத்துக்குள் முகம் மறைந்த குதிரை வீரர்களைக் கேடயத்தின் நிறத்தைக் கொண்டு அறிய வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் பட்டயத்தின் கீழ் அழுத்தும் மெழுகு முத்திரையும் அதுவே. இருவர் ஒரே முத்திரை வைத்திருந்தால் பட்டயம் யாருடையது என்று எப்படித் தெரியும்? எனவே இளைய மகன்களுக்கும் கிளைக் குடும்பங்களுக்கும் மூலச் சின்னத்தில் ஏதேனும் ஒரு வேறுபாடு சேர்த்துக் கொடுத்தார்கள். கேம்பெல் குலத் தலைவரான ஆர்கைல் கோமகனின் கேடயம் நடுவிலிருந்து எட்டுக் கூறுகளாகப் பிரிந்து, பொன்னும் கருப்புமாக மாறி மாறி வரும். லவுடன் கிளையைச் சேர்ந்த கேம்பெல்களும் அதே எட்டுக் கூறுகளையே வைத்திருக்கிறார்கள். ஆனால் பொன்னும் கருப்பும் இருந்த இடத்தில் கீரியைப் போன்ற சிறு விலங்கான எர்மினின் வெண்தோலும் சிவப்பும் இருக்கும். தெரிந்தவருக்கு ஒரு பார்வையிலேயே உறவும் புரியும், வேறுபாடும் புரியும். இன்று பெரும்பாலும் கேடயத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு நிறக்கரை இழுத்து, அந்தக் கரையின் நிறத்தையும் விளிம்பு வடிவத்தையும் மாற்றி இந்த வேறுபாட்டைக் காட்டுகிறார்கள்.

படிக்கக் கற்றுக்கொண்டால் இந்தக் கேடயங்கள் பேசும். டக்ளஸ் குடும்பத்தின் கேடயத்தில் வெள்ளைத் தளத்தின் நடுவே சிவப்பாக ஓர் இதயம் இருக்கும். அது அழகுக்காக வரைந்தது அன்று. 1329இல் இறந்த அரசர் ராபர்ட் புரூஸின் இதயத்தைப் பேழையில் வைத்துச் சுமந்துகொண்டு புறப்பட்ட ஜேம்ஸ் டக்ளஸ், மறு ஆண்டு ஸ்பெயின் நாட்டுத் தேபாவில் நடந்த சண்டையில் மாண்டார். இதயம் திரும்பி வந்து மெல்ரோஸ் மடாலயத்தில் அடக்கமானது. டக்ளஸ் வழியினர் அதைக் கேடயத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஃபிரேசர் கேடயத்திலோ ஐந்திதழ் வெண்பூக்கள் இருக்கும். பிரெஞ்சில் ஸ்ட்ராபெரிக்கு ஃப்ரேஸ் என்று பெயர். பெயரின் ஒலியைப் பூவாக வரைந்த சிலேடை அது. ஸ்டூவர்ட்களின் கேடயத்தில் குறுக்கே ஓடும் நீலமும் வெள்ளையுமான கட்டப் பட்டை, அரண்மனைக் காரியதரிசி கணக்குப் பார்த்த கட்டத் துணியைக் குறிப்பது என்பார்கள். காரியதரிசி வேலை செய்தது உண்மை. ஸ்டூவர்ட் என்னும் பெயரே அந்தப் பதவியிலிருந்துதான் வந்தது. பட்டைக்குச் சொல்லும் விளக்கத்தைப் பொருத்தமான ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, உங்கள் பரிசுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. அதே கடையில் இன்னொரு பொருளும் இருந்திருக்கும். நீங்கள் அதைக் கவனித்திருக்கக் கூடும். வட்டமாகச் சுருட்டிய ஒரு தோல்வார், கீழே கொக்கி மாட்டி, வாரின் நுனி மடிந்து தொங்க, நடுவில் ஒரு தலையோ கையோ விலங்கோ, வாரின் மேல் ஒரு முழக்கவரி என்று ஒரு வெள்ளிப் பதக்கம். மெக்கிரெகர் பதக்கமாக இருந்தால் நடுவில் மகுடம் சூடிய சிங்கத்தலையும், ‘என் குலம் அரச குலம்’ என்று பொருள்படும் கேலிக் மொழி வரியும் இருக்கும். அந்தச் சிங்கத்தலையும் தலைவருடையதுதான். அவருடைய கேடயத்துக்கு மேலுள்ள தலைக்கவசத்தின் உச்சியில் நிற்பது. ஆனால் அதைச் சுற்றியுள்ள வாரும் கொக்கியும்தான் செய்தி. பழங்காலத்தில் தலைவர் தன் அடையாளம் பொறித்த தகட்டைத் தன்னைச் சார்ந்தோருக்கு வாரோடு கொடுத்ததன் நினைவாக அது விளக்கப்படுகிறது. வாருக்குள் இருக்கும் சின்னத்தை அணிபவர் ‘இது என் சின்னம்’ என்று சொல்வதில்லை. ‘இந்தச் சின்னத்துக்கு உரியவரை நான் சார்ந்தவன்’ என்று சொல்கிறார். ஆகவே அந்தக் குலத்தார் எவரும் அதை அணியலாம். தலைவர் அணியும்போது வார் இருக்காது. வெறும் வட்டமும், அதன் பின்னால் மூன்று கழுகு இறகுகளும் இருக்கும். கிளைத் தலைவருக்கு இரண்டு இறகு. தன் பெயரில் சின்னம் பதிந்தவருக்கு ஒன்று. குலத்தார் கூடும் இடத்தில் தொப்பியைப் பார்த்தே யார் எவர் என்று சொல்லிவிடலாம்.

குலம் என்று நான் எழுதிக்கொண்டே போகிறேன். அந்தச் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். குலத்துக்கு இங்கே வழங்கும் சொல்லான கிளான் என்பது ‘பிள்ளைகள்’ என்னும் பொருளுடைய கேலிக் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம், நாற்று என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் சொல். சொல்லைக் கேட்டால் எல்லோரும் ஒரு தகப்பன் வழியினர் என்றே தோன்றும். நடைமுறையில் அப்படி இருந்ததில்லை. தலைவரும் அவருடைய நெருங்கிய பங்காளிகளும் ஒரு வழியில் வந்திருப்பார்கள். அவர்களுக்குக் கீழே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுதவர்கள், மாடு மேய்த்தவர்கள், பகைவருக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்தவர்கள், ஓலை எழுதிக் கொடுத்து விசுவாசம் பூண்டவர்கள் என்று பல வழியினர் இருந்தார்கள். ஹைலண்ட்ஸ் எனப்படும் மலைநாட்டின் சாதாரண மக்களுக்கு 18ஆம் நூற்றாண்டுவரைகூட நிலையான குடும்பப்பெயர் இருந்ததில்லை. இயனின் மகன் டொனால்ட், அவன் பிள்ளையோ டொனால்டின் மகன் என்று தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. போதகரோ பண்ணைக் கணக்கரோ பதிவேட்டில் எழுத ஒரு பெயர் கேட்டபோது, தாங்கள் யாருடைய நிலத்தில் இருந்தார்களோ அவர் பெயரையே பலர் சொன்னார்கள். ஒரு மூட்டை மாவுக்காக ஃபிரேசர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள் என்று ஒரு வழக்கே உண்டு. எனவே ஒரே பெயர் ஒரே நிலத்தையோ ஒரே விசுவாசத்தையோ சுட்டலாம். ஒரே இரத்தத்தைத்தான் சுட்ட வேண்டும் என்பதில்லை.

தொழிலாலும் தோற்றத்தாலும் வந்த பெயர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மெக்கின்டயர் என்றால் தச்சன் மகன். மெக்டாகர்ட் என்றால் குருவின் மகன். மெக்நாப் என்றால் மடாதிபதியின் மகன். தச்சர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஒரு தச்சனின் வழி ஆக முடியாது. கேம்பெல் என்பது கோணல் வாயன் என்னும் பட்டப்பெயர். மலைநாட்டுக் கேமரன் கோணல் மூக்கன். ஸ்காட்லாந்தில் மிக அதிகமாகக் காணப்படும் ஸ்மித், பிரவுன், வில்சன் ஆகியோருக்கும் கடைகளில் ஏதோ ஒரு குலத்தின் பட்டியலில் இடம் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் பெயர் இந்தக் குலத்தின் கிளை என்று சொல்லும் பட்டியல்களில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டில், குலத்துக்கொரு கட்டத்துணி என்ற விற்பனை சூடுபிடித்த காலத்தில் தொகுத்தவை. சிலவற்றுக்கு வட்டாரச் சான்று உண்டு. பலவற்றுக்குப் பெயரின் ஒலி ஒன்றே சான்று.

எழுத்துக்கூட்டலைக் கொண்டும் முடிவு கட்ட வேண்டாம். மெக் என்பதை ஆங்கிலத்தில் Mac என்று நீட்டி எழுதினால் ஸ்காட்லாந்து, Mc என்று சுருக்கி எழுதினால் அயர்லாந்து என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு அடிப்படை இல்லை. ஒரே போதகர் ஒரே பக்கத்தில் ஒரே தகப்பனை இரு விதமாக எழுதியிருப்பதைப் பதிவேடுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எழுத்தே பெயரை மாற்றிய கதையும் உண்டு. பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் மூன்று என்ற எண்ணைப் போல் வளைந்த ஓர் எழுத்து இருந்தது. ஏறக்குறைய யகர ஒலி அதற்கு. அச்சுக்கூடத்தில் அந்த எழுத்துக்கு அச்சு இல்லாததால் உருவத்தில் ஒத்த z என்னும் எழுத்தைப் போட்டார்கள். அதைப் படித்தவர்கள் ஒலியையும் மாற்றிவிட்டார்கள். மிங்கிஸ் என்று சொல்லும் பெயரை மென்சீஸ் என்று பிறர் படிப்பதும், டியெல் என்பதை டால்சீல் என்று படிப்பதும் இதனால்தான். தென்னிந்தியாவெங்கும் சுவடிகளைத் தொகுத்த காலின் மெக்கன்சியை நம்மில் பலர் அறிவோம். அவர் தொகுப்பின் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் பிறந்த அவருடைய குலப்பெயரும் முன்பு மெக்கென்யி என்றே ஒலித்தது. நம் பாடநூல்கள் எழுதும் ‘மெக்கன்சி’ அச்சுக்கூடம் கொடுத்த ஒலி.

இவ்வளவையும் சொன்ன பிறகு, மெக்கிரெகர் பெயருக்கு வருகிறேன். உங்கள் மேலாளருக்கு வேறு பெயர் இருந்திருந்தால் என் பதில் இதற்கு முன்பே முடிந்திருக்கும். இந்தப் பெயரைத் தாங்குவதற்கே ஒரு காலத்தில் மரண தண்டனை இருந்தது.

மெக்கிரெகர்கள் கிளெனார்க்கிப் பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள். நிலம் அவர்களுடைய அனுபோகத்தில் இருந்தது. பட்டயம் கையில் இல்லை. வாள் பலத்தால் வைத்திருப்பதே உரிமை என்பது மலைநாட்டின் பழைய நியாயம். ஆனால் எடின்பரோவின் நியாயம் மெழுகு முத்திரையிட்ட தோல் ஆவணம். அதைப் பெறும் வித்தை கேம்பெல்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நிலம் கேம்பெல் கைக்குப் போய், மெக்கிரெகர்கள் தங்கள் மூதாதையர் மண்ணிலேயே குத்தகைக் குடிகளானார்கள்; பின்னர் அதுவும் இன்றிக் கால்நடை கவர்ந்து பிழைப்பவர்களானார்கள். 1603 பிப்ரவரியில் லோமண்ட் ஏரிக்கு அருகிலுள்ள கிளென் ஃப்ரூனில் கொஹூன் குலத்தாரோடு நடந்த மோதலில், கொஹூன் பக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையையும் ஏற்க இலண்டனுக்குப் புறப்படும் தறுவாயில் இருந்தார். ஏப்ரல் 5 அன்று எடின்பரோவை விட்டுக் கிளம்பியவர், அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 3 அன்று, மெக்கிரெகர் என்ற பெயரையே ஒழிக்கும் ஆணைக்கு வழிசெய்துவிட்டுப் போனார். அந்தப் பெயருடைய ஒவ்வொருவரும் அதைத் துறந்து வேறு பெயர் ஏற்க வேண்டும், மறுத்தால் மரணம். இறைச்சி அறுக்கும் முனையற்ற கத்தியைத் தவிர வேறு ஆயுதம் வைத்திருக்கவும் அவர்களுக்குத் தடை விதித்தார்கள். தலைவரான கிளென்ஸ்ட்ரேயின் அலஸ்டேர், ஸ்காட்லாந்துக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறேன் என்று ஆர்கைல் பிரபு கொடுத்த வாக்கை நம்பிச் சரணடைந்தார். வாக்குப்படியே அவரை எல்லைக்கு அப்பால் பெரிக்குக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அப்படியே திரும்ப அழைத்து வந்து, 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிட்டார்கள். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1661இல் இரண்டாம் சார்லஸ் அந்தத் தடையை நீக்கினார். 1693இல் அது மீண்டும் வந்தது. 1774இல்தான் முற்றாக நீங்கியது. தடை இருந்த காலம் அத்தனையும் மெக்கிரெகர்கள் கேம்பெல், டிரம்மண்ட், மர்ரே, கிரஹாம், கிராண்ட் என்று கிடைத்த பெயருக்குள் ஒளிந்து வாழ்ந்தார்கள். சட்டத்துக்குத் தப்பி வாழ்ந்து பெயர்பெற்ற மெக்கிரெகரான ராப் ராய்கூடத் தாய்வழிப் பெயரான கேம்பெல் என்று கையொப்பமிட்டவர்தான். தடை நீங்கிய பின் 826 பேர் கையொப்பமிட்டுத் தங்கள் தலைவராக ஏற்றுக்கொண்டவர், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய லான்ரிக்கின் ஜான் மர்ரே. மர்ரே என்ற பெயருக்குள் மறைந்திருந்த மெக்கிரெகர் அவர். 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்தின் மகுடத்தையும் செங்கோலையும் கோட்டையிலிருந்து கொண்டுசெல்லும் காவல் பணி அவருடைய மகன் இவன் தலைமையில் வந்த மெக்கிரெகர்களுக்குக் கிடைத்தது. பெயர் சொல்லத் தடை இருந்தவர்கள், தடை நீங்கி ஐம்பது ஆண்டுகளுக்குள் மகுடத்துக்குக் காவல் நின்றார்கள்.

இந்த வரலாற்றின் தடம் பதிவேடுகளில் கண்கூடாகத் தெரியும். பெர்த்ஷயர் பகுதியின் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றை ஒருவருக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, மூத்த இரண்டு பிள்ளைகளின் தகப்பன் பெயர் டிரம்மண்ட் என்று இருந்தது. கடைசிப் பிள்ளைக்கு வரும்போது அதே தகப்பன், அதே தாய், அதே பண்ணை, ஆனால் மெக்கிரெகர். அந்தப் போதகர் அதற்கு விளக்கம் எதுவும் எழுதவில்லை. மை மட்டும் அந்தச் சொல்லில் சற்று அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதை அந்த மனிதர் முதன்முதலாக உரக்கச் சொன்ன நாளாக நான் எண்ணிக்கொண்டேன். அது என் எண்ணம்தான், சான்று அன்று. ஆனால் இதிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு: இன்று டிரம்மண்ட் என்றோ கேம்பெல் என்றோ பெயர் கொண்ட சிலர் வழியால் மெக்கிரெகர்கள், பழைய பெயருக்குத் திரும்பாமல் இருந்துவிட்டவர்களின் வழியினர் அவர்கள். பல வழிகளிலிருந்து வந்து அந்தப் பெயரில் சேர்ந்துகொண்டவர்களும் உண்டு. ஆண்வழி மரபணுச் சோதனைகளும் இதையே காட்டுகின்றன. மெக்கிரெகர் பெயருள்ள ஆண்களில் ஒரு பெருங்குழு ஒரே மூதாதை வழியில் வருகிறது. மற்றவர்கள் வேறு வேறு வழிகளில் வருகிறார்கள். அந்தச் சோதனை ஒரு தனி மனிதர் எந்தக் குழுவில் சேர்வார் என்று சொல்லும்; தாய்வழி உறவையோ, அந்தக் குடும்பம் பெயரை எப்படிப் பெற்றது என்பதையோ அதனால் சொல்ல முடியாது.

ஐயத்துக்குரியவை எவை என்றும் சொல்ல வேண்டும். ‘என் குலம் அரச குலம்’ என்ற வரி, 9ஆம் நூற்றாண்டு அரசர் கென்னத் மெக்கால்பின் வழி வந்ததாகச் சொல்லும் மரபைச் சார்ந்தது. ஆவணங்கள் நம்மை 14ஆம் நூற்றாண்டு வரை அழைத்துச் செல்கின்றன; அதற்கும் அரசருக்கும் இடையிலுள்ள ஐந்நூறு ஆண்டுகளை நிரப்புவது பாணர்களின் வாய்மொழி வம்சாவளி. அது பொய் என்று தள்ளுவதற்கும் இல்லை, மெய் என்று கொள்வதற்கும் இல்லை. மலைநாட்டுப் பெருங்குலங்கள் பலவற்றின் தொடக்கமும் இப்படித்தான் மூடுபனிக்குள் இருக்கிறது. நார்மன் வழியில் வந்த புரூஸ், சின்க்ளேர் போன்றோருக்கு மட்டும் பட்டயங்கள் முந்தியே தொடங்கிவிடுவதால் நிலை சற்றுத் தெளிவு.

குலத்துக்கொரு கட்டத்துணி என்னும் டார்ட்டன் வழக்கம் இன்னும் பிந்தியது. கட்டம் போட்ட துணி மிகப் பழையது. கிளென் அஃப்ரிக் சதுப்பில் கிடைத்த துண்டு 16ஆம் நூற்றாண்டுக்குரியது என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் 1746இல் அரசுப் படையை எதிர்த்துக் கலோடன் போரில் சண்டையிட்ட மலைநாட்டாரை வரைந்த ஓவியத்தில், ஒரே வீரனின் மேற்சட்டை ஒரு கட்டம், கீழாடை வேறு கட்டம். அந்தப் போருக்குப் பின் வந்த சட்டம் மலைநாட்டு உடையை 1782 வரை தடை செய்திருந்தது. தடை நீங்கிய பின் பானக்பர்னிலிருந்த வில்சன் நெசவாலை வடிவங்களுக்கு முதலில் எண்ணும், பிறகு ஊர்ப்பெயரும் குலப்பெயரும் வைத்து விற்றது. 1815இல் இலண்டன் மலைநாட்டுச் சங்கம் தலைவர்களிடம் அவரவர் குலத்துத் துணியை அனுப்பக் கேட்டபோது, தங்கள் துணி எது என்று அறியாத தலைவர்களும் இருந்தார்கள். நான்காம் ஜார்ஜின் வருகை அந்த வேட்கையை நாடெங்கும் பரப்பியது. 1842இல் சகோதரர்கள் இருவர் தங்களிடம் பழைய சுவடி இருப்பதாகச் சொல்லிக் குலவாரியாக வடிவங்களை வெளியிட்டார்கள். அந்தச் சுவடியை அறிஞர் எவர் கண்ணிலும் அவர்கள் காட்டவே இல்லை. இவ்வளவு தெரிந்தும், மெக்கிரெகர் பெயருள்ள ஒருவர் சிவப்பும் பச்சையுமான அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொள்வதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். இருநூறு ஆண்டுகளாகத் திருமணத்துக்கும் சாவுக்கும் உடுத்தி வந்த துணி, எப்படித் தொடங்கியிருந்தாலும் இன்று அவர்களுடையதுதான். இப்போது டார்ட்டன்களுக்கென அரசுப் பதிவேடே இருக்கிறது.

ஆகவே பரிசைப் பற்றி: கேடயப் பலகை வேண்டாம். வாரும் கொக்கியும் சூழ்ந்த சிங்கத்தலைப் பதக்கம் தாராளமாகக் கொடுக்கலாம். மெக்கிரெகர் டார்ட்டனில் ஒரு கழுத்துச் சால்வையும் கொடுக்கலாம். இரண்டும் அவர் உரிமையோடு அணியக்கூடியவை. கடையில் ராப் ராய் டார்ட்டன் என்று சிவப்பும் கருப்புமான பெரிய கட்டத் துணியையும் காட்டுவார்கள். அதுவும் இந்தக் குலத்தின் வழக்கில் உள்ளதே, பிழையாகாது.

என்னிடம் கேட்டால், இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன். அவருடைய தாத்தாவோ பாட்டியோ எந்த ஊரில் பிறந்தார்கள் என்பதைப் பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் அனைத்தும் அரசுப் பதிவில் இருக்கின்றன. இறப்புப் பதிவில் இறந்தவரின் தாய்க்குத் திருமணத்துக்கு முன்பிருந்த பெயரும் எழுதியிருக்கும். இங்கே மணமான பெண்கள் சட்டப்படி தங்கள் பிறந்தவீட்டுப் பெயரை இழப்பதில்லை, கல்லறைக் கல்லிலும் பெரும்பாலும் அந்தப் பெயரே இருக்கும். அதனால் தேடல் இரு பக்கமும் செல்லும். 1855க்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள். சில ஊர்களில் அவை 17ஆம் நூற்றாண்டுக்கே போகும். மலைநாட்டில் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் நடுவோடு நின்றுவிடும். எடின்பரோவில் இளவரசர் தெருவின் கிழக்கு முனையிலுள்ள பதிவு இல்லத்தில் ஒரு நாள் கட்டணம் செலுத்தி உட்கார்ந்தால் இவை எல்லாவற்றையும் திரையில் பார்க்கலாம். பெயரும் ஊரும் தோராயமான ஆண்டும் கையில் இருந்தால், மூன்று நான்கு தலைமுறை பின்னால் போவதற்கு அந்த ஒரு நாளே பெரும்பாலும் போதும். கிடைத்த பக்கத்தின் படியை எடுத்துச் சட்டமிட்டுக் கொடுங்கள். அந்தப் பக்கத்தில் மெக்கிரெகர் என்று இருக்கலாம், வேறு பெயரும் இருக்கலாம். வேறு பெயர் இருந்தால் தவறான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று உடனே விட்டுவிடாதீர்கள். பண்ணையின் பெயரையும் தாயின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேடலில் எங்காவது தட்டினால், ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மட்டும் இங்கே எழுதுங்கள். அந்த ஊரின் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது, பக்கத்து ஊர்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.